பொருளுக்கு முன்னே பதிவேடு

பழம்பொருள் சேகரிப்பு என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நாணயங்களும் தபால்தலைகளும் பழைய ரூபாய் நோட்டுகளுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றைச் சேகரிப்போருக்கு ஒரு வசதி உண்டு. வெளியிட்ட அரசின் பெயரும் மதிப்பும் அவற்றின் மேலேயே காணப்படுகின்றன. பெரும்பாலான நாணயங்களில் ஆண்டும் இருக்கிறது. விவரங்களைச் சரிபார்க்கப் பட்டியல் நூல்களும் பல உள்ளன. இவ்வசதிகள் குறைவாக உள்ள ஒரு பொருளை ஆர்வத்தோடு தேடித் திரிவோரும் உலகெங்கும் இருக்கின்றனர். நம் பாட்டனார் காலத்தில் ‘ஷேவிங் செட்’ என்று வீடுகளில் வழங்கிய பாதுகாப்புச் சவரக்கருவியே அந்தப் பொருள்.

முகம் மழிக்கும் கருவியில் சேகரிக்க என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. ஆயினும் இச்சிறு கருவியின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால், தொழில்நுட்பம், வணிகம், கணக்கியல், சட்டம் ஆகிய நான்கும் அதில் சந்திப்பதைக் காணலாம். பொருள் எதையும் உடைமையாக வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும் ஒரு பாடமும் அதில் உண்டு. பழம்பொருள் சேகரிப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு பதிவேடு. பொருள் அதற்கு அடுத்தபடியே என்பது நமது உறுதியான கருத்து. ஆராய்ந்து எழுதி வைக்கப்படாத சேகரிப்பு, சேகரித்தவர் மறைந்த மறுநாள் பழைய இரும்பாகிவிடுகிறது.

கத்தியிலிருந்து கருவிக்கு

மடக்குக் கத்தியால் தனக்குத்தானே முகம் மழித்துக்கொள்வது பழகிய கைக்கே வாய்க்கும் கலை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கத்தி வினைஞர் ழான் ஜாக் பெரே, கத்தியின் அலகுக்கு ஒரு மரக்காப்பைப் பொருத்தி, கூர்விளிம்பின் சிறு பகுதி மட்டும் வெளியே தெரியுமாறு அமைத்தார். பிறர் உதவியின்றி மழித்துக்கொள்ளும் முறையைக் கற்பிக்க ஒரு நூலும் எழுதினார். 1847இல் வில்லியம் சாமுவேல் ஹென்சன் என்னும் ஆங்கிலேயர், அலகைக் கைப்பிடிக்குக் குறுக்காக, மண்வெட்டியைப் போல் அமைத்துக் காப்புரிமை பெற்றார். நீராவியால் பறக்கும் வானூர்தி ஒன்றுக்குத் திட்டம் தீட்டியவரும் இவரே. வானூர்தி மக்களை ஏற்றிப் பறக்கவில்லை. மண்வெட்டி வடிவமோ நிலைத்துவிட்டது. இன்று கடையில் நாம் வாங்கும் ரேசரின் தலையும் கைப்பிடியும் அந்தக் குறுக்கு அமைப்பிலேயே இருக்கின்றன.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1880 ஜூன் 15 அன்று நியூயார்க்கைச் சேர்ந்த காம்ஃபே சகோதரர்கள் பெற்ற காப்புரிமையிலிருந்தே ‘ஸ்டார்’ என்னும் புகழ்பெற்ற ரேசர் பிறந்தது. ‘சேஃப்டி ரேசர்’ என்னும் பெயர் பரவியதும் அவர்களால்தான். கவிஞரும் மருத்துவருமான ஆலிவர் வென்டல் ஹோம்ஸ், தமது ஐரோப்பியப் பயணம் பற்றி 1887இல் வெளிவந்த நூலில் இந்த ரேசரைப் பாராட்டி எழுதினார். எனினும் ‘ஸ்டார்’ ரேசரின் அலகு, மடக்குக் கத்தியைக் குட்டையாக நறுக்கியது போன்ற தடித்த எஃகுத் துண்டு. அதைத் தோல்வாரில் அடிக்கடி தீட்டியாக வேண்டும். மழுங்கினால் சாணைக்கல்லில் ஏற்ற வேண்டும். அச்சம் குறைந்ததேயன்றி உழைப்பு குறையவில்லை.

அந்த உழைப்பை நீக்கியவர் கிங் கேம்ப் ஜில்லெட். அவர் பொறியாளர் அல்லர், விற்பனையாளர். சோடா புட்டி மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் நிறுவனத்தில் பணியாற்றியபோது, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டு மீண்டும் வாங்கத்தக்க பொருள் ஒன்றை உருவாக்குமாறு பெயின்டர் அவருக்கு அறிவுரை கூறினார். 1895இல் ஒரு காலைப்பொழுதில், மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது, மெல்லிய தகட்டின் இரு விளிம்பையும் கூராக்கிப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அத்தனை மெல்லிய எஃகைக் கூராக்க இயலாது என்று வல்லுநர்கள் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர் அதற்கான இயந்திரங்களை வடிவமைத்த பிறகே தொழில் தொடங்கியது. 1901இல் பாஸ்டன் நகரில் நிறுவனம் பதிவாயிற்று. விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டிலோ விற்பனை 90,000 ரேசர்களைத் தாண்டியது. 1904 நவம்பர் 15 அன்று காப்புரிமையும் கிடைத்தது.

மேல்மூடி, காப்புத்தட்டு, கைப்பிடி என மூன்றே உறுப்புகள். அவற்றிடையே சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தகடு. கைப்பிடியைத் திருகும்போது தகடு வளைந்து விறைப்பாகிறது. அந்த வளைவே மெல்லிய தகட்டுக்கு வலிமை தருகிறது. இவ்வளவு எளிய அமைப்பு நூறாண்டுகளைக் கடந்தும் பயன்பாட்டில் இருக்கிறது.

வகுப்பறைக் கதையும் பெட்டியின் சாட்சியும்

வணிகவியல் பயின்ற நம்மில் பலரும் வகுப்பில் கேட்ட கதை ஒன்று உண்டு. ‘ரேசரை மலிவாகக் கொடுத்துவிட்டுப் பிளேடில் இலாபம் காண்’ என்பதே ஜில்லெட்டின் வெற்றிச் சூத்திரம் என்பது அந்தக் கதை. அச்சு எந்திரத்தையும் மையையும், கைப்பேசியையும் கட்டணத் திட்டத்தையும் விளக்கும்போது இன்றும் இந்த உதாரணம் எடுத்தாளப்படுகிறது.

ஆவணங்களோ வேறு செய்தி சொல்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரேண்டல் பிக்கர் 2010இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இக்கதையைச் சான்றுகளோடு சோதித்தார். காப்புரிமை நடப்பில் இருந்த ஆண்டுகளில் ஜில்லெட் ரேசர் மலிவாக விற்கப்படவேயில்லை. ஒரு செட்டின் விலை 5 டாலர்; அன்றைய தொழிலாளியின் வாரக் கூலியில் அது கணிசமான பங்கு. போட்டி நிறுவனங்கள் 1 டாலருக்கு ரேசர் விற்றுக்கொண்டிருந்த காலத்திலும் ஜில்லெட் தன் விலையை இறக்கவில்லை. 1921இல் காப்புரிமை முடிவுற்றபோதுதான் நிலைமை மாறியது. மேம்படுத்தப்பட்ட புதிய வடிவத்தை 5 டாலருக்கும், பழைய வடிவத்தை 1 டாலருக்கும் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. மலிவு விலை என்பது காப்புரிமை என்னும் வேலி போன பிறகு மேற்கொண்ட தற்காப்பேயன்றி, தொடக்க நாள் தந்திரம் அன்று.

இதில் சேகரிப்பாளருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். 1910ஐ ஒட்டிய ஒரு செட்டையும் 1921க்குப் பிந்தைய மலிவுச் செட்டையும் அவற்றின் மூலப் பெட்டிகளோடு அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் வெள்ளி முலாமும் வெல்வெட் விரித்த தோல் பெட்டியும். பின்னதில் எளிய பெட்டி. ஒன்று பரிசளிக்கத் தயாரான பொருள். மற்றது அன்றாடச் செலவுப் பொருள். பெட்டியும் அதனுள் மடித்து வைத்த விளக்கத் தாளும் விலைப் பட்டியலும் பிழைத்திருந்தால்தான் பாடநூல் கதையைச் சோதிக்க முடிகிறது. பெட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டு ரேசரை மட்டும் வைத்துக்கொள்பவர், தம்மையறியாமல் பாதிச் சான்றை அழித்தவராகிறார்.

பதிவில்லாப் பொருளும் பொருளில்லாப் பதிவும்

வங்கிப் பணியில் இருக்கும் நாங்கள் நாள்தோறும் இரண்டு குறைகளைச் சந்திக்கிறோம். ஒன்று, பொருள் இருக்கும். அதற்குரிய பத்திரம் இராது. மற்றொன்று, பத்திரத்தில் எண் இருக்கும். அதற்குரிய பொருள் இராது. சவரக்கருவியின் வரலாற்றில் இரண்டாவது குறைக்கு உரக்கப் பேசும் சான்று ஒன்று உண்டு.

1930இல் ஜில்லெட் நிறுவனம் தன் போட்டியாளரான ஆட்டோஸ்ட்ராப் நிறுவனத்துடன் இணைய முற்பட்டது. ஆட்டோஸ்ட்ராப்பின் தலைவர் ஹென்றி கெய்ஸ்மன் அந்த இணைப்பில் பங்குகள் பெறவிருந்ததால் ஜில்லெட்டின் கணக்குகள் ஆராயப்பட்டன. வெளிநாடுகளிலிருந்த தன் துணை நிறுவனங்களுக்கு அனுப்பிய சரக்கையே விற்பனை முடிந்ததாக எழுதி, பல ஆண்டுகளாக இலாபம் மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தது அப்போது வெளிப்பட்டது. கிடங்கில் கிடந்த சரக்கு ஏட்டில் வருமானமாக நின்றது. பங்குகளின் மதிப்பு சரிந்தது. நிர்வாகம் கெய்ஸ்மன் தரப்பின் கைக்கு மாறியது. உலகெங்கும் பிளேடு உறைகளில் தம் முகம் அச்சிடப்பட்டிருந்த கிங் ஜில்லெட், பொருளாதார மந்தத்தில் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து 1932இல் காலமானார்.

இங்கிலாந்தின் ‘ரோல்ஸ் ரேசர்’ கதையும் நினைவுகொள்ளத் தக்கது. மோட்டார் வாகனம் செய்யும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உலோகப் பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல், நடுவே கைப்பிடியால் முன்னும் பின்னும் ஓடும் அலகு என அமைந்த அழகிய பொறி அது. ஒரே அலகை ஆண்டுக்கணக்கில் தீட்டிப் பயன்படுத்தலாம். எறிந்துவிடும் பிளேடுகள் மலிந்தபின் அதன் சந்தை சுருங்கியது. பின்னர் ஜான் புளூம் என்பவர் அந்நிறுவனத்தின் வாயிலாகச் சலவை இயந்திரங்களை நேரடியாக விற்றுப் பெரும் விளம்பரம் பெற்றார். 1964 ஜூலையில் நிறுவனம் வீழ்ந்தது. முதலீடு செய்தோர் இழப்புக்கு ஆளாயினர். அந்த நிறுவனத்தின் பங்குப் பத்திரம் பயனற்ற தாளாகிவிட்டது. அது செய்த ரேசர்களோ இன்றும் அதே ஒலியோடு முன்னும் பின்னும் ஓடுகின்றன.

ஏடும் பொருளும் ஒன்றையொன்று மெய்ப்பிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பொய்த்தால் மற்றதும் மதிப்பிழக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை, அலமாரியில் பத்து ரேசர் வைத்திருக்கும் சேகரிப்பாளருக்கும் பொருந்தும்.

ஆண்டை அறியும் வழி

பழைய ரேசரின் வயதை அறிவதில் புதியவர்கள் பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. கருவியின் மேல் ‘நவம்பர் 15, 1904’ என்று பொறித்திருப்பதைக் கண்டு, அது 1904இல் செய்யப்பட்டது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அது காப்புரிமை வழங்கப்பட்ட நாள். கருவி வார்க்கப்பட்ட நாள் அன்று. அந்தப் பொறிப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தது. ஆகவே அந்நாளுக்கு முன்பு செய்யப்பட்டதன்று என்பதை மட்டுமே அது உறுதி செய்கிறது.

காப்புரிமை நாளைச் சரிபார்க்க எளிய சோதனை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் வழங்கப்படுகின்றன. 1880 ஜூன் 15, 1904 நவம்பர் 15 ஆகிய இரண்டும் செவ்வாய்க்கிழமைகளே. தேய்ந்த பொறிப்பிலிருந்து நாம் படித்தெடுக்கும் நாள் வேறு கிழமையில் விழுந்தால், எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறோம் அல்லது அது காப்புரிமை நாளே அன்று என்று ஐயுறலாம். நாள் தெரிந்துவிட்டால், காப்புரிமை ஆவணத்தையும் அதன் வரைபடத்தையும் கணினியில் கட்டணமின்றிப் பார்க்கலாம். கையிலுள்ள கருவியும் வரைபடமும் ஒத்துப்போகும்போது ஏற்படும் மகிழ்ச்சி, தணிக்கையில் கணக்கு நேர்ப்படும்போது எங்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

தொடக்க கால ஜில்லெட் ரேசர்களில் தொடர் எண் பொறிக்கப்பட்டது. 1950களிலிருந்து அமெரிக்காவில் செய்யப்பட்டவற்றில் ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்தும் காலாண்டைக் குறிக்க ஓர் எண்ணும் இடப்பட்டன. ‘ஏ’ என்றால் 1955. ‘இ’ என்றால் 1959. ‘இ’ எழுத்தோடு 4 என்ற எண் இருப்பின் 1959ஆம் ஆண்டின் நான்காம் காலாண்டு. நிதியாண்டையும் காலாண்டையும் கொண்டே வாழும் எங்களைப் போன்றோருக்கு இக்குறி சொந்த மொழி போலத் தோன்றுவதில் வியப்பில்லை. இங்கிலாந்தில் செய்யப்பட்ட பொருள்களில் ‘பதிவு செய்யப்பட்ட வடிவமைப்பு’ என்னும் எண் காணப்பட்டால், அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளைக் கொண்டு அந்த வடிவம் பதிவான காலத்தை அறியலாம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று உரியவையா என்பது. மூன்று உறுப்புகளும் திருகிக் கழற்றத்தக்கவை. ஒன்றின் தலையை மற்றொன்றின் கைப்பிடியில் பொருத்திவிடலாம். ஐயத்துக்குரிய செட்டில் முலாம் தேய்ந்த அளவு உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். கைப்பிடி பித்தளை தெரியத் தேய்ந்திருக்க, தலை மட்டும் புதுமெருகோடு இருந்தால், விற்பவரிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பது நன்று.

மெருகேற்றும் ஆசை

நம் வீடுகளில் பித்தளை என்றால் புளி, வெள்ளி என்றால் விபூதி. குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் ஏற்ற இம்முறையைப் பழைய ரேசரில் கையாளக் கூடாது. பெரும்பாலான பழைய ரேசர்கள் பித்தளையின் மேல் வெள்ளி, பொன் அல்லது நிக்கல் முலாம் பூசப்பட்டவை. முலாம் மிக மெல்லியது. புளியின் புளிப்பும் அழுத்தித் தேய்க்கும் கையும் சேர்ந்தால், நூறாண்டு தாங்கிய முலாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பழைய பல்துலக்கி, பருத்தித் துணி ஆகியவை போதும். தோல் பெட்டியை நனைக்கவே கூடாது. மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஈரப்பதத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அருகில் வைப்பது பயன் தரும்.

புதிதாக முலாம் பூசுவதைப் பற்றிச் சேகரிப்பாளரிடையே இரு கருத்துகள் உண்டு. நாள்தோறும் பயன்படுத்த விரும்புவோர் அதில் தவறு காண்பதில்லை. அவரவர் பொருள், அவரவர் விருப்பம். ஆனால் அரிய பொருளைப் பொறுத்தவரை நமது கருத்து வேறு. முலாம் பூசுமுன் பழைய பரப்பைத் தேய்த்து நீக்குவார்கள். அதோடு மங்கிய பொறிப்பும் எண்ணும் மேலும் மங்கும். மூலப் பத்திரம் கிழிந்திருக்கிறது என்பதற்காக அதை எறிந்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளுமாறு எந்த வங்கியரும் அறிவுரை கூற மாட்டார். தேய்ந்த முலாமும் ஒரு மூலப் பத்திரமே. பூசித்தான் ஆக வேண்டுமெனில், பூசுமுன் படம் எடுத்து, பூசிய நாளையும் பதிவேட்டில் எழுதிவிடுவது நேர்மை. விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுவது கடமை.

முதலீடு என்று சொல்லலாமா?

வாடிக்கையாளர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. பழம்பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போகிறதாமே, வைப்புநிதியை எடுத்து இதில் போடலாமா? ‘வேண்டாம்’ என்பதே நமது மறுமொழி. தங்கத்தை அடகாக வங்கி ஏற்கிறதென்றால், அதன் தூய்மையைச் சோதிக்க முறை உண்டு. அதன் விலை நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. தேவைப்பட்டால் விற்றுப் பணமாக்கச் சந்தையும் உண்டு. அரிய ரேசருக்கு இம்மூன்றும் இல்லை. வட்டியும் இல்லை, பங்காதாயமும் இல்லை. அது வேண்டும் என்று கேட்கும் மற்றொருவர் கிடைக்கும் வரை அதற்கு விலையே இல்லை.

பழமை வேறு, அருமை வேறு என்பதையும் மறக்கலாகாது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக ஜில்லெட்டிடம் 35 இலட்சம் ரேசர்களை வாங்கியது. போர் முடிந்து வீரர்கள் அவற்றைத் தம் வீடுகளுக்குக் கொண்டு சென்றனர். நூறாண்டு கடந்தவை, போர்க்களம் கண்டவை என்னும் பெருமை அவற்றுக்கு உண்டு. ஆயினும் எண்ணிக்கை மிகுதியால் அவை எளிதில் கிடைக்கின்றன. இதற்கு மாறாக, 1950களின் இறுதியில் சிறிதளவே செய்யப்பட்ட ‘டாகிள்’ என்னும் நெம்புகோல் வகை, வயதில் இளையதாயினும் மிக அரிதாகப் போற்றப்படுகிறது. எத்தனை செய்தார்கள், எத்தனை பிழைத்தன என்ற இரண்டு எண்களே அருமையைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே சேகரிப்புக்கான தொகையைக் குடும்பக் கணக்கில் செலவாக எழுதுவதே முறை. ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்துக்கொள்வோம். கடன் அட்டையிலோ தனிநபர்க் கடனிலோ ஏலம் கேட்க வேண்டாம். ஏலத்தின் கடைசி நிமிடத்தில் எழும் வேகம், பொருளின் அருமையைவிடப் போட்டியாளர் மீதுள்ள பிடிவாதத்தையே பெரும்பாலும் காட்டுகிறது. இணையத்தில் வாங்குவோர் முகமறியா விற்பனையாளருக்கு முன்பணம் அனுப்புவதையும், ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பகிர்வதையும் தவிர்க்க வேண்டும் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறோம்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

ஒரு சாதாரண நீள நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண். வாங்கிய நாள், இடம், யாரிடமிருந்து வந்தது, கொடுத்த விலை. பொருளின் மேலுள்ள எழுத்துகளும் எண்களும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே. நீளம், எடை, குறைபாடுகள். பெட்டி, விளக்கத் தாள், பிளேடு உறை உடன் உள்ளனவா என்ற குறிப்பு. இவற்றோடு, எந்தக் காலத்தது என்று நாம் கருதுகிறோம், எதைக் கொண்டு அப்படிக் கருதுகிறோம் என்பதும் இடம்பெற வேண்டும். இங்கே ‘உறுதி’, ‘ஊகம்’ என இரு பத்திகள் இருத்தல் நலம். வரவையும் எதிர்பார்க்கும் வரவையும் ஒரே பத்தியில் எழுதினால் என்ன ஆகும் என்பதை 1930ஆம் ஆண்டு நமக்குக் காட்டியிருக்கிறது. பொருளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டாமல், வரிசை எண் எழுதிய சிறு அட்டையைப் பருத்தி நூலால் கட்டுவது பாதுகாப்பு.

விலையை எழுதுவது அநாகரிகம் என்று சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. சேகரித்தவர் மறைந்தபின் முதலில் வீடு தேடி வருபவர் பழைய பொருள் வியாபாரியாகவே பெரும்பாலும் இருப்பார். கணவர் எதை எவ்வளவுக்கு வாங்கினார் என்பதை அறியாத மனைவியும், தந்தையின் ஆர்வத்தைக் கேலியாகப் பார்த்துப் பழகிய மக்களும் அவர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுகின்றனர். பதிவேடு இருந்தால் அவர்கள் பேரம் பேச முடியும். அல்லது விற்காமல் இருக்க முடியும்.

மதிப்புள்ள பொருளை வங்கிப் பெட்டகத்தில் வைப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டகத்துள் என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. வாடிக்கையாளர் மறைந்தபின் நியமனதாரர் முன்னிலையில் பெட்டகம் திறக்கப்பட்டுப் பட்டியல் எடுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் எங்கள் அலுவலர் எழுதக்கூடியது ‘உலோகச் சவரக்கருவிகள் 12’ என்பதாகவே இருக்கும். அந்தப் பன்னிரண்டில் ஒன்று 1904ஆம் ஆண்டுக்குரியது என்பதைப் பட்டியல் சொல்லாது. சேகரித்தவரின் பதிவேடு மட்டுமே சொல்லும். ஆகவே நியமனதாரர் பெயரைப் பதிவு செய்வதோடு, பதிவேட்டின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்து வைப்பதும் நலம். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை என்பதும், உள்ளிருக்கும் பொருளுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை என்பதும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத, வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருள்களையும் தன் வரம்பில் கொண்டுள்ளது. அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. நூறாண்டு கடந்த எதையும் வெளிநாட்டுக்கு அனுப்புமுன், இந்தியத் தொல்லியல் துறையை அணுகி, அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழ் தேவையா எனக் கேட்டறிவது அறிவுடைமை.

நம் நாட்டுப் பக்கம்

அமெரிக்க, ஆங்கிலேய ரேசர்களைப் பற்றி விரிவான நூல்களும் பட்டியல்களும் வந்துவிட்டன. நம் நாட்டுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது மிகுதி. தில்லியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் மும்பையின் சோர் பஜாரிலும் பழைய செட்டுகள் கைமாறுகின்றன. இன்று ஜில்லெட் இந்தியா என்று அறியப்படும் நிறுவனம் 1984இல் இந்தியன் ஷேவிங் புராடக்ட்ஸ் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே ‘பாரத்’, ‘டோபாஸ்’ போன்ற இந்தியப் பிளேடுகள் ஊர்தோறும் பெட்டிக்கடைகளில் தொங்கின. எந்தப் பிளேடு எந்த ஆண்டில் எந்த ஊருக்கு வந்தது, ஒரு பிளேடை எத்தனை நாள் பயன்படுத்தினார்கள், கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்த்து அதை எப்படி மீண்டும் கூராக்கினார்கள், முதல் செட்டை எந்தச் சம்பளத்தில் வாங்கினார்கள் என்பனவெல்லாம் இன்னும் சிலருடைய நினைவில் மட்டுமே இருக்கின்றன.

அந்தச் சிலர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அரிய ரேசர் இன்று கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு கிடைக்கக்கூடும். அவர்களுடைய நினைவு அவ்வாறு காத்திராது. எனவே சேகரிப்பைத் தொடங்க விரும்பும் வாசகர்கள் சந்தைக்குச் செல்லுமுன், தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவர் அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமர வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். முதல் பக்கத்தில் அவர் பெயரும், அவர் பயன்படுத்திய செட்டின் விவரமும், அதை வாங்கிய கடையின் பெயரும் இடம்பெறட்டும். ரேசரை அதன் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.